சாமி இருக்கிற இடங்கள்

(தோட்டமொன்றின் சனசமூக நிலையத்தில் மாதர் சங்கத்தினரும் இளைஞர்களும் கூடியிருந்த ஒரு மாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



விடியற்காலை எழும்பி, பெரட்டுக்குப் போய், மலையில் நின்று, கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, பீலிக்கரையில் தண்ணீர் பிடித்து, அடுப்பையும் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுடைய களைப்பு எனக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

"அறிவு, ஒழுக்கம், பக்தி, இதைப்பத்தி ஏதாச்சும் சொல்லுங்க மாஸ்டர்" என்று தலைவர் கேட்டுக்கொண்டார். மூன்றும் பெரிய சொற்கள். கோயில் மேடையிலும் பாடசாலை மேடையிலும் இவற்றை நிறையக் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அடுத்த நாள் காலை பெரட்டுக் களத்தில் அவை எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியிருக்கிறது. அதனால் நான் ஒரேயொரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம்முடைய சாமி எங்கே இருக்கிறார்?

"இதென்ன கேள்வி? கோயில்லதான்" என்று ஒரு தம்பி சிரிக்கிறார். சரி. ஆனால் நம்முடைய பாட்டன் பூட்டன்மார் வேறு ஒரு பதிலும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பெரியவர்கள் வைத்த சாமிகள்

1823ஆம் ஆண்டில் கோப்பித் தோட்டத்துக்கென்று நம்மவர்கள் வரத் தொடங்கியதாகக் கணக்கு வைத்து, 2023ஆம் ஆண்டில் இருநூறு வருஷத்தை நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே வந்தார்கள், அந்தப் பழைய பாதையை ஞாபகப்படுத்துவதற்காக. அந்தக் காலத்தில் அப்படி நடந்து வந்தவர்களுக்குப் பெரிய கோபுரம் கட்டக் காசும் இல்லை, கட்டிக் கொடுக்க ஆளும் இல்லை. மரத்தடியில் ஒரு கல்லை நட்டார்கள். மஞ்சள் பூசினார்கள். அதுதான் மாரியம்மன், அதுதான் முனியாண்டி.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. கோப்பி நோயில் அழிந்து, தேயிலை வந்தது. லூல்கந்துரையில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை தேயிலை வைத்தது 1867இல். தேயிலையோடு புதிய வேலைகள் வந்தன. வேலையோடு புதிய சாமிகளும் வந்தார்கள்! ஸ்டோரில் பெரிய சக்கரம் ஓடியது. சக்கரத்துக்கு நாம் சொல்லுகிற பெயர் ரோதை, போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அந்த ரோதைக்கு ஒரு முனி, ரோதைமுனி. கவ்வாத்து வெட்டும் மலைக்கு ஒரு சாமி, கவ்வாத்துசாமி. முதல் பிடி கொழுந்தைக் கூடையில் போடும்போது "பொலி, பொலி" என்று சொல்லிப் போடுவது ஒரு வழக்கம்.

இந்தச் சாமிகளை எந்தப் புராணத்திலும் தேட வேண்டாம், கிடைக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து மூட்டை கட்டி வந்த சாமிகளும் இல்லை இவர்கள். இந்த மலையில், இந்த வேலையில் பிறந்தவர்கள். நம்மைப் போலவே இந்த மண்ணில் பிறந்த சாமிகள்.

படித்த பிள்ளைகள் சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. "மெஷினுக்குமா சாமி?" என்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஏன் அங்கே வைத்தார்கள்?

ஸ்டோரில் பட்டி ஓடும், ரோலர் சுற்றும், தரை ஈரமாக இருக்கும். ஒரு சேலைத் தலைப்போ சட்டைக் கையோ மாட்டினால் போச்சு. மெஷினை ஓட்டுவதற்கு முன் சூடம் கொளுத்தி ஒரு நிமிஷம் நிற்கிறவன் அந்த ஒரு நிமிஷத்தில் என்ன செய்கிறான்? அந்த ரோதையைப் பார்க்கிறான். பட்டி சரியாக இருக்கிறதா, பக்கத்தில் யாரும் நிற்கிறார்களா என்று அவனுடைய கண்ணும் பார்த்துவிடுகிறது.

கவ்வாத்தையும் பாருங்கள். தொடங்குகிற நாளில் கத்தியைக் கழுவிப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துக் கும்பிடுகிறோம். கழுவும்போதே கத்தியின் வாய் தெரிந்துவிடும், தீட்டினதா மழுங்கினதா என்று. மழுங்கின கத்தியால் வெட்டினால் கிளை பிளக்கும். சரிவாக வெட்டினால்தான் மழைத் தண்ணீர் வெட்டுவாயில் தேங்காமல் வழிந்து ஓடும். தேங்கினால் கட்டை அழுகும், அந்தச் செடியின் கொழுந்து குறையும். கத்தி வழுக்கினால் கால் போகும். ஆக, அந்தக் கும்பிடு கத்திக்கும் செடிக்கும் காலுக்கும் சேர்த்து வைத்த கும்பிடு.

நான் விளங்கிக்கொண்டது இதுதான். நம்முடைய பெரியவர்கள் எங்கே கவனம் தேவையோ அங்கே சாமியை வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த பெரிய அறிவு இது. கவனமாகப் பார்ப்பது அறிவு. அந்தக் கவனத்தை அடுத்தவர் பக்கமும் திருப்பினால் அது ஒழுக்கம். ஒரு நாளைக்கு இருந்து மறு நாளைக்கு மறந்துபோகாமல், சூடத்தையும் பூவையும் வைத்து அந்தக் கவனத்தைப் பழக்கமாக்கிக்கொள்வது பக்தி. இன்றைக்கு நம்மிடம் சூடம் இருக்கிறது, பூ இருக்கிறது. கவனம் இருக்கிறதா? இதுதான் நான் உங்களோடு பேச வந்த விஷயம்.

பெரியவர்கள் கல் நடாத சில இடங்கள் பாக்கி இருக்கின்றன. அந்த இடங்களிலும் சாமி இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து பார்ப்போம்.

கொழுந்து மடுவம்

முதலில் தராசு. ஒரு நாளில் நாம் எந்தக் கோயிலுக்கும் மூன்று தரம் போவதில்லை. தராசுக்குப் போகிறோம். திருவள்ளுவர் நடுவுநிலைமையைப் பற்றிச் சொல்ல வந்தபோது தராசைத்தான் உவமையாகப் பிடித்தார். அவருக்கே அதைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை.

தராசில் இரண்டு பக்கத்துக்கும் கடமை இருக்கிறது. சாக்குப் பாரத்துக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு கழிவு போடுகிறார்கள். மழை நாளில் நனைந்த கொழுந்துக்குக் கழிவு போட்டால் அதிலே ஞாயம் இருக்கிறது, தண்ணீருக்கு யாரும் சம்பளம் கொடுக்க முடியாது. வெயில் கொளுத்துகிற நாளிலும் அதே கழிவு என்றால் அது ஞாயமா? நிறுக்கிறவரும் நம்மைப் போல ஒரு குடும்பஸ்தர்தான், அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் முள்ளு எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த எண்ணைச் சொல்ல வேண்டிய நாக்கு அவருடையது. அந்த இடத்தில் சாமி நிற்கிறார் என்று அவர் நினைக்க வேண்டும்.

நம்முடைய பக்கத்தையும் பேச வேண்டும். சாக்குக்கு அடியிலே முத்தல் இலையைப் போட்டு மேலே கொழுந்தைப் பரப்புவது, பாரத்துக்காகத் தண்ணீர் தெளிப்பது, இதெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கிறது. "அவங்க வெட்டுறாங்க, நாங்க போடுறோம்" என்று ஞாயம் சொல்கிறார்கள். அப்படிக் கணக்குப் பார்த்தால் இரண்டு பொய் சேர்ந்து ஒரு மெய் ஆகிவிடாது. முத்தல் இலை ஸ்டோருக்குப் போனால் தேத்தூள் கெடும், தேத்தூள் கெட்டால் விலை இறங்கும், கடைசியில் அது நம்முடைய தலையில்தான் விடியும். கழிவு அநியாயம் என்றால் அதைக் கேட்கிற வழி வேறு. தராசுக்கு அரசாங்க முத்திரை இருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். தராசில் முத்திரை இருக்கிறதா என்று நாலு பேர் சேர்ந்து மரியாதையாகக் கேட்கலாம். நிறுத்த கிலோவை அன்றன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். எழுத வராதவர்களுக்கு வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மாதக் கடைசியில் அந்தக் கொப்பி பேசும். சண்டை போடத் தேவையில்லை.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. மலையில் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, அல்லது வயசான அம்மா ஒருத்தர், நோர்ம் கிலோவுக்கு இரண்டு கிலோ குறைவாக நிற்கிறார். அரைப்பேர்தான் விழும். பக்கத்து நிரையில் நிற்கிற பெண் ஒன்றும் பேசாமல் தன்னுடைய கூடையிலிருந்து நாலு பிடி அள்ளி அவருடைய கூடையில் போடுகிறாள். 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்தை நிறுத்தின பிறகு கொழுந்து குறைந்துபோன காலத்தில் நோர்ம் எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த நேரத்திலும் இப்படிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

இதுவும் தராசை ஏமாற்றுகிற வேலையா? ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. நல்ல கேள்வி. நான் இப்படிச் சொன்னேன்: தண்ணீர் தெளிக்கிறவள் இல்லாத கொழுந்தை இருக்கிறதாகக் காட்டுகிறாள். இவளோ தன்னுடைய கையால் பறித்த கொழுந்தை, தன்னுடைய மேல்கிலோக் காசை விட்டுக்கொடுத்து, இன்னொருத்திக்குத் தருகிறாள். தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கொழுந்து முழுசாகப் போய்ச் சேருகிறது. முன்னது திருட்டு, பின்னது தர்மம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதற்குப் பெயர்தான் அறிவு. அந்த அறிவுக்குப் பெரிய பரீட்சை பாஸ் பண்ண வேண்டியதில்லை.

சம்பள நாள்

அடுத்த இடம் சம்பளத் துண்டு. அதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வைக்கலாம். ஆனால் ஒரு தரம் வாசித்துவிட்டு வையுங்கள். தெரியாமல் இருப்பது புண்ணியம் ஆகாது. எத்தனை பேர் விழுந்திருக்கிறது, முற்பணத்துக்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள், சந்தா எவ்வளவு என்று பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களுடைய சம்பளத்தில் 8 வீதம் போகிறது, தோட்டம் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் தனியாக 3 வீதம் போட வேண்டும். இது வயசான காலத்துக் கஞ்சி. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் மூன்றாவது பெயர் என்று இருந்தால், அந்தக் காசை எடுக்கப் போகும்போது அலைச்சல்தான். "ராமாயி" என்பதும் "ராமாய்" என்பதும் வீட்டில் ஒன்று, கந்தோரில் இரண்டு. கால் நடக்கிற காலத்திலேயே அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இனி அண்ணன் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம்.

பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984ஆம் ஆண்டில்தான் தோட்டத்தில் வந்தது. அதற்கு முன்னே, மழையில் நனைந்து அட்டைக் கடியில் நின்று எடுத்த பேருக்குக் குறைந்த கூலி. சட்டம் அதைத் திருத்தி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் சட்டம் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது, நம்முடைய வீட்டு இஸ்தோப்பு. மனைவியின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, தவறணை வழியாக வீட்டுக்கு வருகிற பழக்கம் இன்னும் சில பேரிடம் இருக்கிறது. காலையில் நெற்றி நிறையத் திருநீறு இருக்கும். மாலையில் வாய் நிறைய வேறு வாடை இருக்கும். சில வீடுகளில் கழுத்தில் சிலுவை தொங்கும், கதை ஒன்றுதான்.

ஆண்களுக்குப் பகலோடு வேலை முடிகிற நாள்கள் உண்டு. கொழுந்து எடுக்கிறவளுக்கு அந்திக்குத்தான் முடியும். அதற்குப் பிறகு விறகு, தண்ணீர், பிள்ளைக் காம்பராவில் விட்ட பிள்ளை, ராத்திரிச் சாப்பாடு. அவள் உட்காரும்போது மணி எட்டோ ஒன்பதோ ஆகும். முன்னால் வருகிறவன் அடுப்பைப் பற்றவைத்து ஒரு கேத்தல் தண்ணீர் வைத்தால் அவனுடைய மீசை உதிர்ந்துவிடாது. மாரியம்மனுக்குத் தீச்சட்டி தூக்கும் கை, வீட்டுக்கு ஒரு வாளி தண்ணீர் தூக்கக் கூடாதா? அம்மனும் ஒரு பெண்தானே!

நேர்த்தியும் கடனும்

மூன்றாவது இடம் நேர்த்திக்கடன். இதைத் தொட்டால் மனசு நோகும் என்று பலர் பேசுவதில்லை. நான் மரியாதையோடு தொடுகிறேன்.

திருவிழா வந்தால் வரி, புதுத்துணி, விருந்தாள், வெடி, ஒலிபெருக்கி. தீபாவளிக்கு முற்பணம் எடுத்தால் மாதா மாதம் பிடிப்பார்கள். அது போதாமல் வட்டிக் கடன். அதை அடைக்க நகை அடகு. நகையை மீட்கக் குழுக்கடன். குழுக்கடன் கட்டுகிற நாளில் அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிகிறாள். இது கதை இல்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்குத் தெரிந்த வாழ்க்கை. 2022ஆம் ஆண்டில் மாவும் மண்ணெண்ணெயும் விலை ஏறினபோது எத்தனை தோடுகள் அடகுக்குப் போயின, எத்தனை திரும்பி வரவில்லை என்பதை வீட்டுக்கு வீடு நீங்களே அறிவீர்கள்.

நேர்த்தி என்றால் என்ன? பழைய நேர்த்திகளைப் பாருங்கள். மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிறோம். மன்மதனாகவும் ரதியாகவும் வேஷம் கட்ட நேர்ந்துகொண்டவர்கள் என்ன கொடுக்கிறார்கள்? விரதம் இருக்கிறார்கள். குடியை விடுகிறார்கள். வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து ஆடுகிறார்கள். தீ மிதிக்கிறவர்களும் அப்படித்தான், காப்புக் கட்டினால் அந்த நாள்களில் நாக்கையும் கையையும் அடக்கி வைத்திருக்க வேண்டும். சாமிக்குக் கொடுத்தது தங்களுடைய நாள்களையும் தங்களுடைய ஒழுக்கத்தையும். அதில் கடன்காரன் யாரும் இல்லை.

அம்மன் கேட்பது பட்டுச் சேலையை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கடன் வாங்கிச் சாத்தின சேலைக்கு அடுத்த மாதம் பிள்ளையின் கொப்பிக் காசில் வட்டி கட்டினால், அந்தச் சேலையை உண்மையில் யார் வாங்கிக் கொடுத்தது? அந்தப் பிள்ளை. அதனிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? ஒரு யோசனை சொல்கிறேன். அடுத்த திருவிழாவுக்கு ஒரு வீட்டில் ஒரு ஆள், "இந்த வருஷம் முழுக்கத் தவறணைப் பக்கம் போகமாட்டேன்" என்று நேர்ந்துகொள்ளட்டும். அந்தக் காசைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போடட்டும். அதைவிடப் பெரிய காணிக்கை எந்தத் தட்டிலும் விழுந்திருக்காது.

நூலும் ஊசியும்

நாலாவது இடம் நோயும் ஆபத்தும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கோயிலுக்குப் போய் நூல் கட்டுகிறோம். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறோம். தாய் மனசு அப்படித்தான். நூல் கட்டுவதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன், அது தாய்க்குத் தைரியம் கொடுக்கிறது. ஆனால் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் மருந்து, அடுத்தது நூல். இரண்டு நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், மூச்சு இழுப்பு, தண்ணீர் கூடக் குடிக்காமல் சுருண்டு படுப்பது, வலிப்பு, இதைக் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகிற வழியில் கும்பிட்டுக்கொண்டே ஓடலாம், சாமி பின்னாலேயே வருவார்.

ஆபத்தைப் பற்றியும் ஒன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்னதோடு நின்றுவிட்டது. இதைச் செத்தவர்களுடைய பிழை என்று யாரும் சொல்ல முடியாது. மாற்று இடம் இல்லாத ஏழை எங்கே போவான்? ஆனால் உயிரோடு இருக்கிற நமக்கு அது பாடம். அடைமழை நாளில் சுவரிலோ தரையிலோ புதிதாக வெடிப்புக் கண்டால், பீலித் தண்ணீர் திடீரென்று சேறாகக் கலங்கினால், நேராக நின்ற மரமும் கம்பமும் சாய்ந்தால், "அம்மா பாத்துக்குவா" என்று உள்ளே படுக்க வேண்டாம். அம்மன் அந்த வெடிப்பின் மூலமாகத்தான் பேசுகிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். பக்கத்துக் காம்பராவையும் தட்டிச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். மலையில் குளவிக் கூடு கண்டாலும் அப்படித்தான். கண்டவர் வாய் திறந்து சொன்னால் பத்துப் பேர் தப்புவார்கள்.

பீலிக்கரை

கடைசி இடம் பீலிக்கரை. அங்கேதான் நாம் அதிகம் வாய்ச்சண்டை போடுகிறோம். "உன் குடம், என் குடம்", "நீ அந்த லயம், நான் இந்த லயம்", "நீங்க வேதக்காரங்க, நாங்க சைவம்". இன்னும் கீழே இறங்கிச் சாதியைக் கூட இழுக்கிறவர்கள் உண்டு.

நம்முடைய பாவாத மலையைப் பாருங்கள். மார்கழி மாதத்துப் போயாவில் தொடங்கி வெசாக் வரை எவ்வளவு சனம் ஏறுகிறது! 2243 மீற்றர் உயரம். பௌத்தர்கள் புத்தரின் பாதம் என்கிறார்கள். நாம் சிவனொளிபாதம் என்கிறோம். இஸ்லாமியரும் கிறிஸ்தவரில் ஒரு பகுதியினரும் ஆதம் நபியை, ஆதாமை நினைக்கிறார்கள். பாதம் ஒன்று, பெயர் நாலு. அங்கே இருட்டில் படி ஏறும்போது மூச்சு வாங்குகிற ஒரு பாட்டியைப் பார்த்தால், அவர் சிங்களமா தமிழா என்று கேட்டுவிட்டா கையைக் கொடுக்கிறோம்? கை தானாக நீளுகிறது. அந்தக் கையை மலை உச்சியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு லயத்துக்கு வந்துவிடக் கூடாது. பீலிக்கரையில் வயசானவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் முதல் குடத்தை விட்டுக்கொடுங்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் பாவாத மலை ஏறின புண்ணியம் உங்கள் வாசலுக்கே வந்துவிடும்.

அன்பானவர்களே! நேரம் போய்விட்டது, பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். சுருக்கமாக முடிக்கிறேன்.

நம்முடைய பெரியவர்கள் கத்தியிலும் ரோதையிலும் சாமியைக் கண்டார்கள். நாம் அவர்களுடைய பேரப்பிள்ளைகள். தராசிலும், சம்பளத் துண்டிலும், நேர்த்தியிலும், நோய்ப் படுக்கையிலும், பீலிக்கரையிலும் சாமியைக் காண்பது நம்முடைய முறை. இதற்குப் புதிதாகக் கோயில் கட்ட வேண்டாம், வரியும் எடுக்க வேண்டாம்.

போகும்போது மூன்று சின்ன வேலைகளைக் கையோடு கொண்டுபோங்கள். ஒன்று, நாளையிலிருந்து கிலோவை எழுத ஒரு கொப்பி வையுங்கள். இரண்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் சேமலாபத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் சரியா என்று பாருங்கள், படித்த பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் பார்த்துக் கொடுங்கள். மூன்று, அடுத்த திருவிழாவுக்குக் கடன் வாங்குவதற்கு முன்னால் புருஷனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, விரல் விட்டுக் கணக்குப் பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது ஒரு விளக்கையும் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பூசைதான்.

எல்லோரும் நல்லா இருக்கணும், நம்ம மலை நல்லா இருக்கணும். பொலி, பொலி!